கொக்கியும் சங்கிலியும் சேர்ந்த எடை

பிப்ரவரி 9

சின்னு,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்து. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. போன் பண்ணியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். தவிர, கிரேன் கேபினில் போன் கூடாது, பேனா கூடும்.

இப்போது மேலேதான் இருக்கிறேன். ஐம்பத்தெட்டு மீட்டர். காலையிலிருந்து பனிமூட்டம், கீழே ஒன்றும் தெரியவில்லை. கட்டடம் இல்லை, தெரு இல்லை, கொக்கி வெள்ளைக்குள் இறங்கிப் போகிறது. கீழே சிக்னல் காட்டுகிறவர் வாக்கி டாக்கியில் "இறக்கு, இறக்கு, நிறுத்து" என்கிறார், நான் அந்தக் குரலை நம்பி இறக்குகிறேன். அவரை நாங்கள் கைகாட்டி என்று கூப்பிடுவோம். பனி விலகும்வரை வேலை நின்றிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். புதிதாக ஒரு சேஃப்டி ஆபீசர் வந்திருக்கிறார். மேலே எனக்கு மயக்கம் வந்தால் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். அந்தக் கயிறும் பெல்ட்டும் நூறு கிலோவுக்குத்தான் செய்தவை. ஷூ, பெல்ட், ஸ்பானர் பை எல்லாம் சேர்த்து என்னை நிறுத்தினார்கள். நூற்றுப் பன்னிரண்டு. நான் மட்டும் நூற்றெட்டு. ஜூன் முப்பதுக்குள் எல்லாம் சேர்த்து நூறுக்குள் வரவில்லை என்றால் என் சீட்டில் வேறு ஆள். அவர் தப்பாகப் பேசவில்லை. "உங்களை இறக்க முடியாத இடத்துக்கு உங்களை ஏத்த முடியாதுங்க"ன்னு சொன்னார்.

பதினாலு வருஷமாக இந்தக் கண்ணாடிப் பெட்டிதான் என் வீடு மாதிரி. இதை விட்டால் எனக்கு என்ன தெரியும் சொல்.

நீ ஆஸ்பத்திரி டயட் கிச்சனில் தட்டுத் தட்டாக அளந்து அனுப்புகிறவள். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி என்று எனக்கு ஒரு எண் சொல். எண் மட்டும் போதும். அறிவுரை வேண்டாம். அறிவுரையை அன்றைக்கே பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாய்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

எண் மட்டும் கேட்டாய். உன் வயது நாற்பத்தொன்று, உயரம் நூற்றறுபத்தெட்டு சென்டிமீட்டர். உயரத்தைக் கேட்டு எழுதத் தேவையில்லை, பழைய வீட்டுக் கதவில் பென்சிலால் கோடு போட்டு அளந்தது நான்தான், ஸ்டூல் மேல் ஏறி. ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே உன் உடம்புக்கு ஏறக்குறைய ஆயிரத்து எழுநூற்றைம்பது கலோரி வேண்டும். ஏணி ஏறுவது, உட்கார்ந்து லீவர் பிடிப்பது எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரத்து நானூறு, நானூற்றைம்பது. அதிலிருந்து ஐந்நூறு குறைக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

வாரத்துக்கு அரைக் கிலோ போகும். ஜூன் முப்பதுக்குள் பன்னிரண்டு கிலோ கஷ்டம். உடம்புக்குக் காலண்டர் படிக்கத் தெரியாது. நான் டாக்டர் இல்லை, ஒரு தடவை டாக்டரிடமும் காட்டிக்கொள். அறிவுரை வேண்டாம் என்றாய், நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கே காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைத்தால் ஆறுக்குள் சமையலறை முழுக்க ஆவி. ஆட்கள் ஆவிக்குள் போய் ஆவிக்குள்ளிருந்து வருவார்கள். நீ பனியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. உன் சீட்டில் வேறு ஆள் உட்காரக் கூடாது என்று நானும் நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

சின்னு


மார்ச் 3

சின்னு,

நூற்று நாலு. இரண்டே வாரத்தில் நாலு கிலோ. ஸ்டோர் ரூம் தராசில், சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கைகாட்டி எட்டிப் பார்த்து, "மூட்டையவிட நீங்க வேகமா கொறையறீங்க"ன்னார். கிண்டல்தான், ஆனால் எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

எண்ணைப் பற்றி நீ கவலைப்படாதே. நான் தினம் எண்ணோடு வாழ்கிறவள். என் சீட்டுக்கு எதிரே லோடு சார்ட் ஒட்டியிருக்கிறது. கொக்கி கிரேனுக்குப் பக்கத்தில் இருந்தால் எட்டு டன் தூக்கலாம். கிரேன் கையின் நுனிக்குப் போய்விட்டால் ஒன்றரை டன்தான். தூரம் போகப் போகப் பாரம் குறைய வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் சாய்ந்துவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மணி உண்டு. தொட்டால் அடிக்கும். நல்ல ஆப்பரேட்டர் மணி அடிக்க விடமாட்டாள், முக்கால் பங்கிலேயே நிறுத்திக்கொள்வாள். பதினாலு வருஷத்தில் என் மணி மூன்றே தடவைதான் அடித்திருக்கிறது. உன் எண்ணையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒருநாளும் அதைத் தொட்டதுகூட இல்லை.

நேற்று மத்தியானம் கேபின் கண்ணாடிக்கு வெளியே ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. சாம்பல் நிறம். என் சாப்பாட்டு டப்பாவையே பார்த்தது. அதில் ஒன்றும் இல்லை என்று திறந்து காட்டினேன். புரிந்தது மாதிரி தலையைச் சாய்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

அக்கா


மார்ச் 10

அக்கா,

சந்தோஷம். முதல் இரண்டு வாரத்தில் போவதில் பாதி தண்ணீர். இனிமேல் மெதுவாகத்தான் இறங்கும், அதற்காக மனசு உடையாதே.

கிரேன் பற்றி எழுதியிருந்ததை என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "உங்கக்கா பேசுனா சண்டை, எழுதுனா இவ்ளோ அழகா"ன்னார். பறவைக்கு டப்பாவைத் திறந்து காட்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் முன்னால் என்று எழுதியிருந்தாய். ஒன்பது பேர். நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. எண் இல்லை, சாப்பாடு.

சின்னு


ஏப்ரல் 4

சின்னு,

தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்பது, நான் மட்டும்.

இந்தக் கடிதத்தை மெதுவாக எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாமே இப்போது மெதுவாக இருக்கிறது. அது நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்குப் பனி கேபினுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே நீலம், கீழே பால். தூரத்துச் சைட்டுகளின் கிரேன் கைகள் மட்டும் பாலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன, யாரோ நீந்துவது போல. பார்த்துக்கொண்டே இருந்தேன். கைகாட்டி மூன்று தடவை கூப்பிட்டாராம். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பிறகு அது அம்மா குரல் மாதிரி இருந்தது. அம்மா சலவைக் கூடத்திலிருந்து ஈரக் கையோடு வந்து நம் கன்னத்தில் வைப்பாளே, அந்தக் குளிர்ச்சி கன்னத்தில் நிஜமாகவே பட்டது. எனக்கு அழுகை வரவில்லை. எவ்வளவு நாளாயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டது, எல்லோருக்கும் வியர்க்கிறது, எனக்கு மட்டும் ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. கொட்டுகிற முடிக்கும் எடை உண்டல்லவா.

முந்தாநாள் இறங்கும்போது ஆறாவது மேடையில் என் கை மூடமாட்டேன் என்றது. ஏணிக் கம்பியைப் பார்க்கிறேன், விரலைப் பார்க்கிறேன், இரண்டும் இரண்டு ஊரில் இருந்தன. அங்கேயே உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம் என்றார்கள், எனக்கு நாலு நிமிஷம் மாதிரிதான் இருந்தது. காற்று என்னை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தது. இவ்வளவு லேசாக நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தாய். உன் எண்ணில் முக்கால் பங்கு எடுத்தேன், ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து. அங்கிருந்து வாரத்துக்கு எழுபத்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். தூரம் போகப் போகக் குறைய வேண்டும் அல்லவா. இப்போது தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் இருக்கிறேன். காலையில் ஒரு ரொட்டி, மத்தியானம் வேகவைத்த காய், சாயங்காலம் ஒரு முட்டை. மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பார், எவ்வளவு கவனமாக இருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 7, சைட் கேட், காலை பதினொரு மணி

அக்கா,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. இதுவரை நீ எழுதியதிலேயே அழகான கடிதம் அதுதான். படித்து முடித்த கையோடு ஆறு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. காலை முதல் பேருந்தில் வந்துவிட்டேன். கேட்டுக்கு வந்தால், நீ எட்டு மணிக்கே மேலே ஏறிவிட்டாய் என்கிறார்கள். என்னால் அந்த ஏணியை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை, உனக்குத்தான் தெரியுமே.

டயட் ஷீட்டின் பின்பக்கத்தில் இதை எழுதி, சாப்பாட்டோடு வாளியில் வைத்து அனுப்புகிறேன். கைகாட்டி அண்ணன் கயிற்றில் கட்டி மேலே இழுக்க ஏற்பாடு செய்கிறார். சோறு, பருப்பு, இரண்டு முட்டை, வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை. ஒரு பாட்டிலில் சர்க்கரையும் உப்பும் போட்ட தண்ணீர். முதலில் தண்ணீரை, மெதுவாக. பிறகு சாப்பாடு, பாதி போதும். லீவரைத் தொடாதே. உன் கூட இறங்க ஓர் ஆள் ஏறி வருகிறார். அவர் வந்து உன்னைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். இறங்கும்போது ஒவ்வொரு மேடையிலும் உட்கார்ந்து வா.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்பது கூரை இல்லை அக்கா. அது தரை. அதில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பாதுகாப்பு இல்லை, விழுவதுதான். உங்கள் சார்ட்டில் குறைத்தால் நல்லது. இதில் குறைத்தால் உடம்பு உன் கையையும் முடியையும் தின்ன ஆரம்பிக்கும். நீ குளிரில் நடுங்குவதும், அம்மா குரல் கேட்பதும் பசி. வேறு ஒன்றும் இல்லை. அம்மா நம்மைப் பட்டினி போட்டுப் பேச மாட்டாள்.

சாப்பிடு. நான் கேட்டிலேயே நிற்கிறேன். நீ தரையில் கால் வைக்கிறவரை போக மாட்டேன்.

சின்னு


ஏப்ரல் 21

சின்னு,

நீ ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. டாக்டர் இரண்டு வாரம் மேலே ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார். ரத்தத்தில் இரும்பு இல்லையாம். நாள் முழுக்க இரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறவளுக்கு.

நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன காகிதப்படிதான் சாப்பிடுகிறேன். இன்று காலை தராசில் நின்றேன். நூற்றொன்றரை. சோற்றைத் தின்று இரண்டரை கிலோ ஏறியிருக்கிறேன். ஆறு வாரம் வாயைக் கட்டிச் சேர்த்ததை நீ பத்தே நாளில் கரைத்துவிட்டாய். ஜூன் முப்பது உனக்கில்லை, எனக்கு.

கோபத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். உன் புது வீட்டில் எல்லோரும் மேஜையைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சரி, ஒன்பது பேர். உன் தட்டில் இரண்டு வாய்ச் சோறும் அரை முட்டையும் மிச்சம் இருந்தது. என் கை தானாக உன் தட்டுக்குப் போயிற்று. நீ தட்டை இழுத்துக்கொண்டாய். "போதும்க்கா, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு சொன்னாய்.

அந்தக் கை ஏன் போயிற்று என்று உனக்குத் தெரியாதா? அம்மா வேலைக்குப் போனால் உனக்குச் சோறு போடுவது என் வேலை. நீ இரண்டு வாய் தின்றுவிட்டு ஜன்னலைப் பார்ப்பாய். தட்டில் மிச்சம் இருந்தால் அம்மா வந்து உன்னை அடிப்பாள், அவள் பட்ட பாடு அப்படி. அதனால் நான் தின்பேன். பசித்தாலும் தின்பேன், வயிறு முட்டினாலும் தின்பேன். தட்டு காலியாக இருக்கும், நீ அடி வாங்காமல் தூங்குவாய். பதினோரு வருஷம். என் உடம்பில் பாதி உன் மிச்சம்தான். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டாய்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

முதலில் தராசு. ஏறியது கொழுப்பு இல்லை. வறண்டு கிடந்த உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறது, அதற்கும் எடை உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் அதுவாக நிற்கும், பிறகு மெதுவாக இறங்கும். மெதுவாக இறங்கினால்தான் அங்கேயே தங்கும். அவசரமாகப் போனது அவசரமாகத் திரும்பி வரும் என்று தினமும் வார்டில் பார்க்கிறேன். எடை குறைந்ததால் உன் எண்ணும் கொஞ்சம் மாறியிருக்கிறது, நீ சுமாராக ஆயிரத்து எண்ணூற்றைம்பதில் இரு. ஐம்பது கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. மணி அடிக்காது.

இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நீ எண் மட்டும் கேட்டாய் என்று வீம்புக்கு எண் மட்டும் எழுதினேன். முக்கால் பங்கில் நிறுத்துவேன் என்று நீ மார்ச்சிலேயே எழுதியிருந்தாய். நான் அதை அழகாக இருக்கிறது என்று வீட்டில் படித்துக் காட்டினேனே தவிர, என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்கவில்லை. இதே தவறை வேறு யாராவது செய்திருந்தால் டயட் கிச்சனில் அவரை நிற்கவைத்துத் திட்டியிருப்பேன்.

இனி அந்த மேஜை. உன்னைப் பார்த்து வெட்கப்படவில்லை என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அது பொய். வெட்கப்பட்டேன். என் வீட்டுக்காரரின் ஆட்கள் நீ உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்தார்கள், உன் தட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் நீ என் அக்காவாக இல்லாமலிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்ல முடியாமல்தான் இரண்டு வருஷம் உனக்குப் போன் பண்ணவில்லை. உன் மேல் கோபம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து கிடந்தபோது ஒரு வாரம் தட்டு காலியாகவே இருந்தது ஞாபகம் இருக்கிறது. எப்படிக் காலியாயிற்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சின்னு


மே 25

சின்னு,

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபம் இல்லை. உன் கடிதத்தை மடித்து லோடு சார்ட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். நீ பொய் எழுதியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன், அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

நூறு புள்ளி ஒன்று. நத்தை மாதிரி இறங்குகிறது. இந்த வாரம் நானூறு கிராம், போன வாரம் ஒன்றுமே இல்லை. முன்பெல்லாம் தராசு இறங்கவில்லை என்றால் அன்றைக்குச் சாப்பாட்டைத் தண்டித்துவிடுவேன். இப்போது தராசுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முகம் காட்டுகிறேன்.

மேலே ஒரு மணிக்கு டப்பாவைத் திறக்கிறேன். சோறு ஒரு கிண்ணம், பருப்பு, காய், முட்டை, கடைசியில் ஒரு பழம். கண்ணாடியைச் சாத்திவிட்டு, லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, மெதுவாகத் தின்கிறேன். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாக என் சாப்பாட்டை மட்டும் சாப்பிடுகிறேன் என்று நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. அப்போது மேகத்தின் நிழல் கட்டடத்தின் மேல் ஊர்ந்து போகும். கம்பி கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக நிழலுக்குள் போய் வெளியே வருவார்கள். இதுவும் கனவு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் இந்தக் கனவில் என் கை மூடுகிறது.

அந்தச் சாம்பல் பறவை திரும்ப வந்தது. இரண்டு பருக்கை போட்டேன்.

நீ என்ன சாப்பிட்டாய் என்று எழுது. போன வாரம் என்னைப் பார்க்க வந்த உன் வீட்டுக்காரர் கேட்டில் நின்று என்னிடம் சொல்லிவிட்டார், நீ நின்றுகொண்டே இரண்டு வாய் தின்றுவிட்டு ஓடுகிறாயாம். ஆறு வயதிலிருந்து ஒரே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய் போல.

அக்கா


ஜூன் 17

அக்கா,

அவர் ஒரு உளறுவாயர். உன் ஊருக்குப் போய் உன்னைப் பார்த்து வருகிறேன் என்று அவர் கிளம்பியபோதே எனக்குத் தெரியும். ஆனால் பொய் சொல்லவில்லை. இந்த வாரத்திலிருந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மத்தியானம் ஒரு மணிக்கு. நீ டப்பா திறக்கிற நேரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதே வேகத்தில் போனால் முப்பதாம் தேதி நீ தொண்ணூற்றேழு சொச்சத்தில் இருப்பாய். சாமான்களோடு நூற்றொன்று. ஒரு கிலோ கூடுதல்.

உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். கடைசி இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ஒரு கிலோ போய்விடும். போகும். மறுநாள் அதோடுதான் ஏணி ஏறுவாய். அப்படிச் செய்யாதே என்று கட்டளை போட எனக்கு உரிமை இல்லை. கேட்டில் நின்ற அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் நினைத்துக்கொள். உன் ஷூ ஒவ்வொரு மேடையாக இறங்கி வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மேடை. எனக்கு இன்னும் கண்ணை மூடினால் அந்த ஷூதான் தெரிகிறது.

சின்னு


ஜூலை 1

சின்னு,

தண்ணீர் குடித்தேன். நேற்றுக் காலையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன். அப்புறம்தான் தராசுக்குப் போனேன். கைகாட்டி, சிமெண்ட் மேஸ்திரி, கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த கூட்டம் மாதிரி.

நூற்றொன்று புள்ளி இரண்டு.

சேஃப்டி ஆபீசர் நோட்டில் எழுதப் போய் நிறுத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், "ஷூவையும் பையையும் கழட்டிட்டு நில்லுங்க, நான் எழுதிக்கறேன்"ன்னார். நல்ல மனுஷன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஷூ முடிச்சில் கை வைத்துவிட்டேன், அது உண்மை.

அப்புறம் கையை எடுத்துவிட்டேன். பதினாலு வருஷமாக ஒவ்வொரு புது ஆளிடமும் நான் சொல்வது ஒன்றுதான். லோடு என்றால் சரக்கு மட்டும் இல்லை, கொக்கியும் சங்கிலியும் சேர்த்துத்தான் எடை. சங்கிலியை விட்டுக் கணக்குப் போட்டவர்கள் சாய்த்த கிரேனை நான் பார்த்திருக்கிறேன். என்னை இறக்குகிற கயிறு ஷூவையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். "சார், சேத்தே எழுதுங்க"ன்னேன்.

இன்றைக்கு என் சீட்டில் வேறு ஒருவர். நான் கீழே, கைகாட்டிக்குப் பக்கத்தில், சிக்னல் வேலை. நூறுக்குள் வந்தால் திரும்ப ஏறலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மத்தியானம் மேலே பார்த்தேன். கண்ணாடியில் வெயில் அடித்தது, உள்ளே யார் என்று தெரியவில்லை. அழுதேன் சின்னு. கைகாட்டி பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டார். ஒரு மணி ஆனதும் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

நீ சாப்பிட்டாய் என்ற கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கீழே நாள் முழுக்க நடக்கிறாய், அதனால் ஒரு பழமும் ஒரு கை கடலையும் கூட்டிக்கொள். குறைக்காதே.

அன்றைக்கு நானும் ஒரு மணிக்கு உட்கார்ந்தேன். தட்டில் மிச்சம் வைத்துவிட்டேன். அடுத்த தடவை பார்க்கலாம்.

சின்னு


ஆகஸ்ட் 11

சின்னு,

மேலிருந்து எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று, ஷூ, பெல்ட், பை, பேனா எல்லாம் சேர்த்து. ஏணி ஏறும்போது ஆறாவது மேடையில் வேண்டுமென்றே ஒரு நிமிஷம் நின்றேன். கையை மூடித் திறந்து பார்த்தேன். மூடிற்று, திறந்தது.

கேபினில் சீட்டை யாரோ முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். பின்னால் இழுத்தேன். இப்போது எனக்கும் லீவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே வெயில் விழுகிறது. பனி இல்லாத நாள். ஊர் முழுக்கத் தெரிகிறது, உன் பேருந்து வருகிற சாலைகூட.

ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் வேலை உண்டு. வா. மேலே ஏற வேண்டாம், நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டாம். உன் டப்பாவைக் கொண்டு வந்து கீழே உட்கார்ந்து சாப்பிடு. நான் மேலேயிருந்து பார்க்கிறேன். இப்போது எனக்குத் தரை தெளிவாகத் தெரிகிறது.

அக்கா


ஆகஸ்ட் 18

அக்கா,

நேற்று நீ இறங்குவதற்குள் என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, அதனால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன்.

கைகாட்டி அண்ணன் செங்கல் அடுக்கின் மேல் ஒரு பலகை போட்டு என்னை உட்காரவைத்தார். தலைக்கு ஒரு ஹெல்மெட். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். சோறு, பருப்பு, காய், முட்டை. கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். தலை சுற்றியது, இருந்தாலும் பார்த்தேன். வானத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம், அதில் ஒரு கை அசைந்த மாதிரி இருந்தது. மேகம் போய்க்கொண்டிருந்ததால் மேகம் நிற்கிறது, நீதான் மிதந்து போகிறாய் என்று தோன்றியது. பயமாக இல்லை.

கடைசி இரண்டு வாய் இருக்கும்போது வாக்கி டாக்கியில் உன் குரல் கேட்டது. "முடிச்சாச்சான்னு கேளுங்க." கைகாட்டி அண்ணன் என் டப்பாவை எட்டிப் பார்த்தார். சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன். பின்னால் யாரோ கை தட்டினார்கள். முப்பத்தாறு வயதில் சோறு தின்றதற்குக் கைதட்டல் வாங்கியவள் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம் அந்த வாளி கயிற்றில் மெதுவாக இறங்கி வந்தது. ஏப்ரலில் நான் சாப்பாடு ஏற்றி அனுப்பிய அதே வாளி. உள்ளே உன் டப்பா, துடைத்த மாதிரி காலியாக. அதன் மேல் பாதி ஆப்பிள், உன் பல் பதிந்தது, ஓரம் கொஞ்சம் பழுப்பாகியிருந்தது. "எங்கக்கா மிச்சம் வெச்சதே இல்லண்ணே"ன்னு கைகாட்டி அண்ணனிடம் சொன்னேன். "உங்களுக்குத்தான் போல"ன்னார் அவர்.

சைட்டில் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று சாப்பிட்டேன்.

சின்னு